இருப்பில் வித்தியாசம்

ஜூன் 3, செவ்வாய்

இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், எத்தனை முறை போகிறார் என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார் நரம்பு டாக்டர். அதற்காக நோட்டு வாங்கப் போன இடத்தில், ஜூன் ஆகிவிட்டதால் இந்த டைரியைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். பக்கத்தின் மேலே நாலு வரியில் டாக்டர் கேட்டது முடிந்துவிடுகிறது. மிச்ச இடம் வெறுமனே கிடக்கிறது. முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவளுக்குக் காலிப் பக்கத்தைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை.

டாக்டரின் நர்ஸ் படித்தாலும் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன்: இவர் என்றால் என் கணவர் சிங்காரவேலு. வணிக வரி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. புத்தி முழுசாக இருக்கிறது. பேச்சு மட்டும் ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு வரும். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். என் பெயர் மரகதவல்லி.

இன்று இட்லி இரண்டு, கஞ்சி ஒரு டம்ளர், மருந்து மூன்று வேளை. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித்தான் தூக்குவது. எழுபத்தெட்டு கிலோ. பிறகு நானும் புடவை மாற்ற வேண்டியதாயிற்று. வாளித் தண்ணீர் தெறித்துவிட்டது.

ஜூன் 7, சனி

ரவூப் பாய் மெடிக்கலுக்குப் போனேன். எல் சைஸ் டயப்பர் இரண்டு பாக்கெட், எம் சைஸ் ஒரு பாக்கெட்.

"சாருக்கு எல் தான டீச்சர்? எம் பத்தாதே" என்றார் பாய்.

"மெலிஞ்சுட்டார் பாய். ரெண்டும் வேண்டியிருக்கு."

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் பில்லை வைத்துக்கொண்டு அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"நாப்கினுக்கு வரி சைபர்னு போட்டிருக்கீங்க. டயப்பருக்குப் பன்னெண்டு. ஏன் பாய், ரெண்டும் ஒரே வேலைதான பாக்குது?"

"நானா போடுறேன்? கம்ப்யூட்டர் போடுது. நாப்கினுக்கு எடுத்து ஏழு வருஷம் ஆச்சும்மா. இதுக்கு யாரும் கேக்கல, அவங்களும் எடுக்கல."

"கேக்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் பெயர் லூர்து மேரி. மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினேழு வயது, பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லை. டயப்பர் இல்லாமல் ஒரு நாள் கிடையாதாம். இதைப் போலப் பெரியவர்களையோ பிள்ளைகளையோ வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளைத் திரட்டி, நுகர்வோர் சங்கம் மூலம் வரி விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கப் போகிறார்கள்.

"ஒங்க வீட்ல யாருக்குக்கா?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன். ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

பன்னிரண்டு சதவீதத்தைப் பற்றி இவரிடம் சொன்னேன். பல நாளைக்கு அப்புறம் கண்ணில் பழைய ஆபீஸ் பார்வை வந்தது. முப்பத்து நான்கு வருஷம் கடை கடையாகக் கணக்குப் பார்த்த மனிதர். ஒரு தீபாவளிக்கு ஒரு கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய இனிப்புப் பெட்டியைக் கொண்டுவந்த ஆளிடமே கொடுத்துத் திருப்பி அனுப்பியவர்.

"வெலக்கு... கேட்டா... காரணம்... சொல்லணும்" என்றார். "ஆதாரம்... வேணும். சும்மா... அழுதா... குடுக்க மாட்டான்."

முதுகில் புண் இல்லை. பவுடர் தீர்ந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

மதுரையில் சித்தி பேத்தி கல்யாணம். போகவில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம். இவரை யார் பார்த்துக்கொள்வது? பாத்திரம் தேய்க்க வரும் பச்சையம்மாள் ஒரு நாள் இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவளால் தூக்க முடியாது.

இருமல் ஒரு வாரமாக விடவில்லை. இவருக்கில்லை, எனக்கு. இருமல் மருந்து வாங்கி வந்தேன். இருமல்தான் பெரிய தொந்தரவு.

ஜூன் 19, வியாழன்

லூர்து மேரி வீட்டுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள். ஸ்டெல்லாவை எப்படித் துடைப்பாள், பள்ளி வேனில் ஒரு நாள் என்ன ஆயிற்று என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூலை எட்டாம் தேதி கூட்டம். வரித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து மனுக்களை வாங்கிக்கொள்வாராம். ஏழெட்டு வீட்டுக்காரர்கள் நேரில் பேச வேண்டும்.

"சாரைப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்க்கா."

"அவருக்கு அது பிடிக்காதும்மா. ஊரெல்லாம் தெரிஞ்ச ஆபீசர். டயப்பர் போட்டிருக்கார்னு மேடையில சொன்னா..."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "சொல்லு."

இருவரும் எழுந்து உள்ளே போனோம். இவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். "எம் பேரு... போடு. பதவி... போடு. மனு... நான்... சொல்றேன். நீ... எழுது."

இவர் கூச்சப்படுவார் என்று இரண்டு வருஷமாக நான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் காரணத்தைச் சொல்லி எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருப்பேன்! இப்போது இவர் தயார். எனக்குத்தான் மனு எழுத உட்காரும்போது கை ஓடவில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

மனு மூன்று பக்கம் வந்திருக்கிறது. ஒரு சொல் சொல்லி, அடுத்த சொல்லுக்குக் காத்திருந்து எழுத வேண்டும். ஆனால் வாக்கியம் வாக்கியமாக முன்பே யோசித்து வைத்திருக்கிறார். "அலங்காரப் பொருள் அல்ல" என்று ஒரு இடத்தில் வருகிறது. "தவிர்க்க இயலாத தேவை" என்று ஒரு இடத்தில். நான் "மலம், சிறுநீர்" என்று வரும் இடங்களில் "இயற்கை உபாதை" என்று மாற்றி எழுதினேன். படித்துக் காட்டச் சொல்லி, கண்டுபிடித்து, பழையபடி மாற்றச் சொன்னார்.

பத்தாம் வகுப்புக்குக் கழிவு நீக்க மண்டலம் நடத்தும்போது பிள்ளைகள் சிரித்தால், "ஒடம்புல வெக்கப்பட என்ன இருக்கு?" என்று அதட்டுவேன். சிறுநீர்ப்பை, சுருக்குத் தசை எல்லாம் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைவேன்.

ஜூன் 27, வெள்ளி

மனுவில் மாத உபயோகம் எவ்வளவு என்று ஒரு வரி எழுத வேண்டும். பீரோ மேல் பாக்கெட்டுகளை இறக்கிக் காட்டச் சொன்னார். பாயின் பில்களையும் கேட்டார். ஏப்ரலிலிருந்து எல்லாம் ஒரு கவரில் இருந்தன. மனுவில் இணைக்கத்தான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக மடியில் வைத்து இடது கையால் புரட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று.

"எனக்கு... நாளைக்கு... மூணு" என்றார்.

"ஆமா."

"வாங்கினது... நாளைக்கு... அஞ்சு."

"சிலது கிழிஞ்சு போகும். ஒட்டு பிரிஞ்சுக்கும்."

"எம் சைஸ்... எனக்கு... ஏறாது."

அடுப்பில் சோறு மட்டும் இருந்தது. குழம்பு கொதித்துவிடும் என்று சொல்லி எழுந்து வந்தேன். குழம்பு இன்னும் கூட்டவேயில்லை.

ஜூன் 28, சனி

மனு எழுதவில்லை. இவர் கேட்கவும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் துடைத்துவிட்டு, தூக்குவதற்காகக் கையைக் கொடுத்தேன். இவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்காத."

"நேரமாச்சுங்க. வெயில் வந்துடும்."

"மரகதம். இருப்புல... வித்தியாசம்... இருந்தா... நான் கடைக்காரன... திட்ட மாட்டேன். ஒரு கேள்விதான்... கேப்பேன். எங்க... போச்சு?"

நான் இன்னொரு கையால் போர்வை நுனியை நேராக்கினேன்.

"ஒனக்கா?"

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? இவர் கையை விடவில்லை. நானாகத்தான் விடுவித்துக்கொண்டேன். பிறகு கூடத்துக்குப் போய், ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

இந்த டைரியை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. அவர் கேட்ட விவரத்தை வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் பொங்கல் கழிந்து நாலாம் நாள், இவர் குளியலறையில் சரிந்துவிட்டார். ஆள் கூப்பிடாமல் நானே தூக்கினேன். அடிவயிற்றில் எதுவோ இறங்கினாற்போல் இருந்தது. அன்றிலிருந்து இருமினால், தும்மினால், தூக்கினால், படியேறினால் சொட்டுகிறது. சொட்டுகிறது என்று எழுதுவதும் பொய். நனைந்துவிடுகிறது. வாளித் தண்ணீர் ஒரு நாளும் தெறிக்கவில்லை. நாப்கின் வைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. ஒரு நாள் இவருடைய டயப்பரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அப்புறம் எம் சைஸ் வாங்கத் தொடங்கினேன். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்று எங்கும் போகாததற்கு இவரைக் காரணம் காட்டினேன். நம்பினார்கள். இவர் மேல் எல்லாருக்கும் பரிதாபமாக இருந்தது. பதினேழு மாதம் இவர் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எந்த டாக்டரிடமும் போகவில்லை. காட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம்.

ஜூலை 2, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றார். சாயங்காலம் தானாகக் கேட்டு மோர் குடித்தார்.

மனு முடிந்தது. மாத உபயோகம்: தொண்ணூறு. இவருடையது மட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே பச்சையம்மாள் வந்துவிட்டாள். இவருக்கு எல்லாம் முடித்துவிட்டு, நானும் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

நுகர்வோர் சங்கக் கட்டடத்தில் மாடி அறை. நாற்பது பேர் இருந்தார்கள். அதிகாரி நடுவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். பக்கத்தில் சுருக்கெழுத்து எழுத ஒரு பெண். ரவூப் பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். லூர்து மேரி ஸ்டெல்லாவையும் அழைத்து வந்திருந்தாள். முதலில் லூர்து மேரி பேசினாள், பள்ளி வேனில் நடந்ததையும் விடவில்லை.

அதிகாரி கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது நியாயம்தான்மா. ஆனா நாப்கின்னா பாதி ஜனத்தொகைக்கு வேணும். இது படுத்த படுக்கையா இருக்கற சில பேருக்குத்தான். அவங்களுக்கு மட்டும் டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சு சலுகை கேட்டா சீக்கிரம் பரிசீலிப்பாங்க. மொத்தமா விலக்குன்னா மேல கேள்வி வரும்."

அடுத்தது நான். இவர் சொல்லி நான் எழுதிய மனுவை நீட்டினேன். அவர் பெயரைப் பார்த்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சிங்காரவேலு சார் வீடா? நான் வேலைக்குச் சேந்தப்ப சார்தான் பயிற்சி குடுத்தார். எப்படி இருக்கார்? அவருக்கு சர்ட்டிபிகேட் இருக்கும் இல்லையா?"

"இருக்கு சார். அவருக்கு இருக்கு."

உட்கார்ந்திருக்கலாம். மனு கொடுத்தாயிற்று. கேட்டதற்குப் பதிலும் சொல்லியாயிற்று. நாற்காலிக்குக்கூடத் திரும்பிவிட்டேன். அப்போது இருமல் வந்தது. நாற்பது பேர் முன்னால், நின்றபடி, நான்கைந்து முறை இருமினேன். என்ன நடக்குமோ அது நடந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

திரும்பி நின்று சொன்னேன்.

"எனக்கு சர்ட்டிபிகேட் இல்ல சார். நானும் போடறேன். இப்ப போட்டுட்டுத்தான் நிக்கறேன். நான் படுத்த படுக்கை இல்ல. அவரைத் தூக்கித் தூக்கி வந்தது. டாக்டர்கிட்டயே இன்னும் சொல்லல, எப்படி சர்ட்டிபிகேட் கேப்பேன்? என்னை மாதிரி எத்தனை பேருன்னு உங்க கணக்குல வராது சார். கடையில வீட்டுக்காரர் பேரச் சொல்லித்தான் வாங்குவாங்க. பாய்கிட்ட நானே அப்படித்தான் சொன்னேன்."

கடைசி வரிசையில் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்து, தானே எதையோ மனுவின் ஓரத்தில் எழுதினார். "வயசு சொல்லுங்கம்மா" என்றார். "ஐம்பத்தெட்டு" என்றேன். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது சுருக்கெழுத்துப் பெண் பின்னாலேயே வந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், நீங்க எந்த சைஸ் வாங்கறீங்க? ரெண்டாவது பிரசவத்துலேருந்து எனக்கு..."

சொன்னேன். டாக்டரிடம் போ என்றும் சொன்னேன். சொல்ல எனக்கு என்ன தகுதி என்று ஆட்டோவில் வரும்போது தோன்றியது.

ஜூலை 11, வெள்ளி

லூர்து மேரியோடு மகளிர் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா என்னைவிட இருபது வயது சின்னவள். பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றாள். ஆபரேஷன் வேண்டும்.

"ஏம்மா இவ்ளோ நாள் வச்சிருந்தீங்க? படிச்சவங்கதான?"

"அறிவியல் டீச்சர்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. இப்போதும், ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதமும் கனமான எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் ஆபரேஷன் வீண் என்றாள். வீட்டில் தூக்க வேண்டியது எழுபத்தெட்டு கிலோ என்று சொன்னேன். "அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க, தேதி தர்றேன்" என்றாள்.

ஜூலை 12, சனி

ஏற்பாடு என்றால் ஆள் போடுவது. முதல் வருஷமே மகன் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்புகிறேன், ஆள் வையுங்கள் என்றான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியாள் வந்து தொடுவதா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

இன்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மூன்று மாதம் என்று சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று எழப்போனேன்.

"ஆள்... போடு" என்றார்.

"ஒங்களுக்குப் பிடிக்காதே."

"பிடிக்காது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "எனக்கு... பிடிக்காததுக்கு... நீ... கட்டின... வரி."

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். வலது பக்கம் தானாகவே வழியும், பக்கவாதத்துக்குப் பிறகு அப்படித்தான். இன்று இரண்டு பக்கமும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆள் வந்துவிட்டார். பெயர் சேசுராஜ், ஊர் லால்குடிப் பக்கம். முன்பு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். லூர்து மேரி பிடித்துக் கொடுத்தாள்.

முதல் தடவை மாற்றும்போது இவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றேன். பிறகு சேசுராஜின் குரல்: "சார், நீங்க செக்போஸ்ட்ல எல்லாம் இருந்திருக்கீங்களாமே. லாரிக்காரன் எங்க ஒளிச்சு வச்சுக் கொண்டுவருவான்?"

அப்புறம் இவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார். முடித்து நாற்காலியில் உட்கார வைக்கும்வரை அந்தக் கதை ஓடியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தூக்குவதை விட்டுப் பதினைந்து நாள். முதுகு வலி குறைந்திருக்கிறது. மற்றது அப்படியேதான்.

ஆபரேஷன் செப்டம்பர் ஒன்பது.

செப்டம்பர் 4, வியாழன்

பேப்பரில் வந்திருக்கிறது. டயப்பருக்கு வரி பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைகிறது. இருபத்திரண்டாம் தேதி முதல். விலக்கு இல்லை.

நூற்றுக்கணக்கான பொருள்களில் இது ஒன்று. எங்கள் மனுவை யாராவது படித்தார்களா, அந்த அதிகாரி ஓரத்தில் எழுதியது எங்காவது போய்ச் சேர்ந்ததா, ஒன்றும் தெரியாது. லூர்து மேரி ஃபோனில் அரை மணி நேரம் பேசினாள். பாதி சந்தோஷம், பாதி கோபம். "சைபர்னுதான கேட்டோம்?" என்றாள்.

இவரிடம் படித்துக் காட்டினேன். "அஞ்சு... இருக்கில்ல" என்றார். "அடுத்த மனு... அதுக்கு. இந்தத் தடவ... உபயோகம்... சரியா... எழுது. ரெண்டு பேரோடதும்."

செப்டம்பர் 6, சனி

புது மனுவில் என் பெயரை முதலில் எழுதச் சொல்லிவிட்டார். எழுதினேன். கை ஓடியது.

செப்டம்பர் 12, வெள்ளி

மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். செவ்வாய் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வலி இருக்கிறது, பொறுக்கும்படி. லூர்து மேரி மூன்று நாளும் ஸ்டெல்லாவைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்து போனாள்.

பதினோரு மணிக்கு வார்டு வாசலில் ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தால் சக்கர நாற்காலி. சேசுராஜ் தள்ளிக்கொண்டு வருகிறார், இவர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் டாக்டர் வீட்டைத் தவிர எங்கும் வராத மனிதர். ஆண்கள் பார்க்க வரும் நேரம் இது இல்லை என்று சிஸ்டர் தடுத்தாள்.

"அஞ்சு... நிமிஷம்... விலக்கு... குடுங்கம்மா" என்றார் இவர்.

சிஸ்டருக்குப் புரியவில்லை. ஆனால் விட்டுவிட்டாள்.

கட்டில் பக்கம் வந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாப்பிட்டீர்களா என்றேன். சாப்பிட்டேன் என்றார். சேசுராஜ் வைக்கும் ரசத்தில் புளி அதிகம் என்றார். சேசுராஜ் சிரித்தார். ஐந்து நிமிஷம் என்பது முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் இவர் முகம் சற்று மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும், டயப்பர் மாற்ற வேண்டிய நேரம். உடனே போர்வையை விலக்கிக் காலைக் கீழே வைக்கப் போனேன்.

"படு" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது.

சேசுராஜ் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சிஸ்டரிடம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். இவர் தலை குனியவில்லை. நீள வராந்தாவில் இரண்டு பக்கமும் கட்டில்கள், பெண்கள், பார்க்க வந்தவர்கள். நடுவே நாற்காலி போய்க்கொண்டிருந்தது.

அது மூலை திரும்பும்வரை பார்த்தேன். பிறகு காலை உள்ளே இழுத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டேன்.